புதுப்பிப்பு: பராமரிப்பு ஒருங்கிணைப்பாளரைச் சந்திக்கும் முன்

முதியோர் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளரை (முதியவரின் தேவைகளை மதிப்பிட்டு, வீட்டுப் பராமரிப்பைத் திட்டமிட்டு மேற்பார்வையிடுபவர்) அமர்த்துவது பற்றிய முந்தைய இழையில், முதல் சந்திப்புக்கு மருத்துவ அறிக்கைகள் போதும் என்று எழுதியிருந்தேன். போதாது, திருத்திக்கொள்கிறேன்.

அறிக்கை நோயைச் சொல்லும், அன்றாடத்தைச் சொல்லாது. குளித்தல், உடுத்தல், கழிப்பறை போதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீர் மலக் கட்டுப்பாடு, சாப்பிடுதல் ஆகிய 6 வேலைகளில் எதற்குத் துணை தேவைப்படுகிறது என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். இரவையும் விடாதீர்கள். பகலில் தானே நடமாடுபவர்கூடத் தூக்கக் கலக்கத்தில் கழிப்பறைக்குப் போகும்போது விழலாம். பகலை மட்டும் பார்த்துத் திட்டமிட்டால் துணை தேவையான நேரத்தில் ஆள் இருக்காது.

மருந்துப் பட்டியலை நினைவிலிருந்து எழுத வேண்டாம். வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் புட்டிகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள், சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரை உட்பட. இரண்டு மருத்துவர்கள் ஒரே மருந்தை வெவ்வேறு வணிகப் பெயர்களில் எழுதியிருந்தால் அப்போதுதான் பிடிபடும். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கட்டணம் பற்றிக் கேட்டவர்களுக்கு: மதிப்பீடு, மாதாந்திர மேற்பார்வை, அவசர அழைப்பு மூன்றுக்கும் தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள். பராமரிப்பு ஆள் அனுப்பும் நிறுவனத்திடமிருந்து ஒருங்கிணைப்பாளருக்குத் தரகு வருகிறதா என்று நேராகவே கேளுங்கள்; மழுப்பினால் வேறொருவரைப் பாருங்கள். வழக்கமான பராமரிப்பாளர் வராத நாளில் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.