புளோக் பூனையின் வளைந்த வால்: காயமா, பிறவியா?

பிடோக்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், தபால் பெட்டிகளுக்கு அருகே படுத்திருக்கும் சாம்பல்நிறப் பூனை ஒன்றைச் சில மாதங்களாகக் கவனித்து வருகிறேன். அதன் வால் பாதி நீளமே இருக்கிறது. நுனி கொக்கிபோல் மடங்கியிருக்கிறது, தொட்டால் உள்ளே கடினமான முடிச்சு ஒன்று தட்டுப்படுகிறது. யாரோ கதவிடுக்கில் நசுக்கிவிட்டார்கள் என்று அண்டை வீட்டார் வருந்துகிறார். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகளோ, இது நம் சிங்கப்பூர்த் தீவின் காட்டுவிலங்கான சிறுத்தைப்பூனைக்குப் பிறந்ததாக இருக்குமோ என்று கேட்கிறாள். அதை வளர்க்க எண்ணியிருப்பதால், விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இரவுநேரப் பராமரிப்பாளர்

சகோதரி, பல ஆண்டுகளாக இப்பூனைகளுக்கு உணவளித்து, கருத்தடைக்கும் அழைத்துச் செல்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் ஒன்றுக்கு நேரான வாலும் மற்றொன்றுக்கு முடிச்சு வாலும் இருப்பதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். எனவே எவர்மீதும் பழி சொல்ல வேண்டாம். வாலைத் தொட்டதும் சீறினாலோ வீக்கம் தெரிந்தாலோ மட்டும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உயிரியல் ஆசிரியர்

முன்னவர் சொன்னது சரி. இந்த வால் பிறவியில் அமைந்தது. கரு வளரும்போது முதுகெலும்புத் துண்டுகள் ஒழுங்காகப் பிரிய உதவும் ஹெஸ்7 என்ற மரபணுவில் ஏற்பட்ட சிறு மாற்றத்தை, ஆசியாவின் குட்டைவால் பூனைகளில் ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து அம்மாற்றம் வந்தாலே வால் குறுகிவிடும். மலாய்த் தீவுக்கூட்டம், சயாம், பர்மா ஆகிய இடங்களின் பூனைகளுக்குப் பாதி வாலும் நுனியில் முடிச்சும் இருப்பதை 1868இல் வெளிவந்த நூலில் டார்வினே குறிப்பிட்டிருக்கிறார். அதாவது, உங்கள் பூனையின் வால் இவ்வட்டாரத்தின் பழைய அடையாளம்.

மகளின் ஊகம் அறிவார்ந்தது, ஆயினும் விடை வேறு. சிறுத்தைப்பூனை வீட்டுப்பூனையின் பேரினத்தைச் சேர்ந்ததே அன்று. மனிதர் முயன்று கலந்து உருவாக்கிய பெங்கால் இனத்தில்கூட முதல் தலைமுறை ஆண்கள் மலடாகவே பிறக்கின்றன. சீனாவில் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் உழவர் குடியிருப்புகளை அண்டி வாழ்ந்தவை சிறுத்தைப்பூனைகளே. இருந்தும் இன்றைய வீட்டுப்பூனைகள் அவற்றின் வழிவந்தவை அல்ல.

வீட்டுப்பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை என்பதை, 979 பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்ட 2007ஆம் ஆண்டு ஆய்வு நிறுவியது. தானியக் குதிர்களைத் தேடி எலிகள் வந்தன. எலிகளைத் தேடி இவை வந்தன. பூனைகளே இல்லாதிருந்த சைப்ரஸ் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றுக்கு 40 சென்டிமீட்டர் தொலைவில், எட்டு மாதப் பூனை ஒன்று முழு உடலாகப் புதைக்கப்பட்டிருந்தது. அது முற்றிலும் பழகிய வீட்டுப்பூனை என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் எவரோ படகில் ஏற்றிக் கொண்டுவராமல் பூனை அத்தீவை அடைந்திருக்க முடியாது, அக்கறை இல்லாமல் அதைப் பக்கத்தில் புதைத்திருக்கவும் மாட்டார்கள். நம் பக்கத்துக்கும் இப்படியே கப்பல்களில் வந்திறங்கிய சில பூனைகள் பெருகியதால்தான் அந்த முடிச்சு வால் இவ்வளவு பரவலாயிற்று என்பது என் கணிப்பு.

ஈசூன் அன்பர்

ஒரு நடைமுறைக் குறிப்பு: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க இருந்த தடை, 2024 செப்டம்பர் 1 முதல் நீங்கிவிட்டது; ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமமும் மைக்ரோசிப்பும் (தோலடியில் பொருத்தும் அடையாளச் சில்லு) கட்டாயம். அழைத்து வருமுன் சன்னல்களுக்கு வலை அடித்துவிடுங்கள்.

பிடோக்வாசி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மாலை மகளும் நானும் முடிச்சை மெல்ல வருடிப் பார்த்தோம்; சீறவில்லை, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தது. அதன் காது நுனி வெட்டப்பட்டிருப்பதையும் இன்றுதான் கவனித்தோம்; கருத்தடை செய்த பூனைகளுக்கு இடும் அடையாளம் அது, ஆகவே கருத்தடை முன்பே முடிந்திருக்க வேண்டும். வலை அடிப்பவர் சனிக்கிழமை வருகிறார்.