புதுப்பிப்பு: எம்1 மேக்கில் காணாமல் போன பழைய பிளகின்

இன்டெல் சிப் உள்ள மேக்கில் செய்த இசை ப்ராஜெக்டை எம்1 மேக்கில் (ஆப்பிளின் ஏஆர்எம் வகை சிப் உள்ளது) திறந்தால் பழைய சிந்தசைசர் பிளகின் (ஆடியோ மென்பொருளுக்குள் ஓடும் துணை மென்பொருள்) மட்டும் வருவதில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது பாதி வழி கிடைத்திருக்கிறது.

ஆடியோ மென்பொருளின் 'கெட் இன்ஃபோ'வில் 'ஓப்பன் யூசிங் ரொசெட்டா'வை (ரொசெட்டா என்பது இன்டெல் மென்பொருளை எம்1-இல் ஓட வைக்கும் ஆப்பிளின் மொழிமாற்றி) டிக் செய்துவிட்டுத் திறந்தால் பிளகின் வந்துவிடுகிறது. ஒரே ப்ராசஸுக்குள் இன்டெல் கோடும் ஏஆர்எம் கோடும் கலந்து ஓடாது, அதனால்தான் நேட்டிவாக, அதாவது ரொசெட்டா இல்லாமல் நேரடியாக, திறந்தபோது வரவில்லை. வந்ததும் முதல் வேலையாக அந்த டிராக்குகளை எல்லாம் ஆடியோவாக பவுன்ஸ் செய்து (பிளகின் இல்லாமலே கேட்கும்படி ஆடியோ கோப்பாகப் பதிந்து) வைத்துவிட்டேன். பழைய பிளகின் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிளகின் தயாரிப்பாளரிடம் கேட்டேன். நேட்டிவ் விஎஸ்டி3 (பிளகின்களுக்கான ஒரு வடிவம்) பதிப்பு 'வேலையில் இருக்கிறது' என்றார்கள். விஎஸ்டி3 வந்தது 2008-இல்! சரி, அவர்கள் சிரமமும் தெரிகிறது: விஎஸ்டி3-இல் மிடி கன்ட்ரோலர் செய்திகள் (கீபோர்டின் வீல், குமிழ்களைத் திருப்பும்போது வருபவை) நேரடியாக வராது, பிளகினின் பாராமீட்டர்களாக (அமைப்பு மதிப்புகளாக) மாற்றித்தான் வாங்க வேண்டும். பழைய கோடில் அது பெரிய வேலை. ஆனாலும் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு ஒரு தேதியாவது சொல்லலாம்.

மேக்ஓஎஸ் 27-க்குப் பிறகு ரொசெட்டாவின் பெரும்பகுதியை நிறுத்துவதாக ஆப்பிள் 2025-இல் அறிவித்துவிட்டது. அதற்குள் நேட்டிவ் பதிப்பு வராவிட்டால் வேறு சிந்தசைசருக்கு மாறிவிடுவேன்.