கண்டென்சர் மைக்: மின்தேக்கி ஒலிவாங்கியா, ஒடுக்கு ஒலிவாங்கியா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுக் கணினியில் குரல் பதிவு செய்ய மைக் தேர்ந்தெடுப்போருக்கான கையேட்டின் மொழிபெயர்ப்பை நாளை மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பதால்தான் கண்டென்சர், டைனமிக் ஆகிய இரு மைக் வகைகளுக்கும் தமிழ்ச் சொல்லை உங்களிடம் கேட்டிருந்தேன். வந்த பரிந்துரைகளுள், 'கண்டென்ஸ்' என்பதை நேரே பெயர்த்த 'ஒடுக்கு ஒலிவாங்கி'யை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. கண்டென்சர் என்பது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் கருவிக்கு 1782இல் வோல்ட்டா வழங்கிய பெயர்; அக்கருவியை நாம் நெடுங்காலமாக மின்தேக்கி என்றே பாடநூல்களில் படித்து வருகிறோம். இந்த மைக்கினுள் ஒரு மெல்லிய சவ்வும் அதன் பின்னுள்ள தகடும் சேர்ந்து மின்தேக்கியாக அமைகின்றன. குரல் பட்டுச் சவ்வு அதிரும்போது இடைவெளி மாறுகிறது, மின்னூட்டத்தைத் தேக்கும் அளவாகிய மின்தேக்குத்திறனும் உடன் மாறுகிறது. இதில் ஒடுங்குவது எதுவுமில்லை. மேலும், பதிவான குரலின் ஏற்ற இறக்கத்தை உண்மையிலேயே ஒடுக்கும் கம்ப்ரெசர் அடுத்த அத்தியாயத்தில் வருகிறது. 'ஒடுக்கி'யை அதற்காக விட்டுவைப்போம்.

டைனமிக் வகையை 'இயக்க ஒலிவாங்கி' என்றால், கையில் எடுத்துக்கொண்டு நடமாடும் மைக் என்றே படிப்பவர் நினைப்பார். காந்தப்புலத்தில் கம்பிச்சுருள் அசைவதால் மின்சாரம் பிறப்பதே அதன் இயல்பு என்பதால் 'சுருள் ஒலிவாங்கி' என எழுதியிருக்கிறேன். சுருளுக்குப் பதில் மெல்லிய உலோக நாடா அதிரும் நாடா மைக்கும் டைனமிக் இனமே, அதில் சுருள் இல்லையே என்ற மறுப்பு சரியானதுதான். ஆயினும் கையேட்டில் நாடா மைக் வரவில்லை. மின்விசிறி ஓடும் அறையில் பேசுபவருக்கு, வாயருகே வைத்துப் பேசும் சுருள் வகை பொருந்தும் என்பதும், மின்தேக்கி வகை தொலைவிலுள்ள இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும், அதற்குப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்னழுத்தமும் தேவைப்படும் என்பதும் பெயரோடு சேர்ந்து மனத்தில் நின்றால் போதும்.

'வாங்கி' கடைத்தெருச் சொல்லாக ஒலிக்கிறது என்று ஒருவர் வருந்தியிருந்தார். சங்கப் பாடல்களில் 'வாங்கமை' என்பது வளைந்த மூங்கில். வாங்குதலுக்கு வளைதல், இழுத்தல் என்ற பொருள்கள் உண்டு. ஒலி பட்டு வளையும் சவ்வை உடைய கருவிக்கு இதைவிடப் பொருத்தமான வினையடி கிடைக்குமா? இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பெருகுகிறது. சொல்லை ஆக்கியவர் இதை எண்ணியிருக்கத் தேவையில்லை. 'மைக்' என்றே எழுதலாம், தொல்காப்பியமே திசைச்சொல்லுக்கு, அதாவது பிற நிலத்திலிருந்து வரும் சொல்லுக்கு, இடம் தந்திருக்கிறது என்ற வாதத்துக்கும் செவிசாய்த்து, முதல் பக்கத்தில் 'ஒலிவாங்கி எனும் மைக்' என்று ஒருமுறை சேர்த்திருக்கிறேன். அதற்குமேல் இறங்கிவர மனமில்லை.

முன்புறக் குரலை வாங்கிப் பின்புற ஒலியைத் தவிர்க்கும் கார்டியாய்டு மைக்குக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. கார்டியாய்டு என்றால் இதயவடிவம்; அது ஒலியை ஏற்கும் பரப்பை வரைந்தால் அவ்வடிவம் வரும். 'இதய ஒலிவாங்கி' என்ற வரியை வீட்டில் படித்துக் காட்டியபோது, மருத்துவர் நெஞ்சில் வைக்கும் கருவியா என்று கேட்டார்கள். 'இதயவடிவ ஏற்பு' என்பதற்கு மூவர் இசைந்துள்ளனர். நான் 'முன்முக ஒலிவாங்கி' என்பேன். வடிவத்தைக் கைவிட்டால் கணிதத்தில் அதே பெயருள்ள வளைகோட்டுடன் உறவு அறுந்துவிடும் என்ற மறுப்புக்கு என்னிடம் விடையில்லை. நாளை நண்பகல்வரை அந்த ஒரு வரியைத் திறந்தே வைத்திருக்கிறேன்.