மறு: ‘லாபியிங்’ என்பதற்குத் தமிழ் – ‘அரசணுகல்’ பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> நாளிதழ்கள் ‘லாபி’ என்றே எழுதுகின்றனவே, அதுவே போதாதா?

ஐயா, செய்தித் தலைப்புக்குப் போதும். ஆனால் தமிழில் ‘லாபி’ என்றால் ஒரு கூட்டம்; ‘சர்க்கரை ஆலை லாபி’ என்கிறோம். நமக்கு வேண்டியது அந்தக் கூட்டம் செய்யும் செயலுக்கு, அதாவது சட்டமும் கொள்கையும் தமக்குச் சாதகமாக அமைய முடிவெடுப்பவரிடம் நேரில் வாதாடுவதற்கு, ஒரு பெயர். நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் நிறுவன ஆளுகைக் கட்டுரையில் இது வினையாக வருகிறது, ஆளைக் குறிக்க வருகிறது, பதிவேட்டின் பெயரிலும் வருகிறது.

> ‘தரகு’ அல்லது ‘பரப்புரை’?

இரண்டையும் ஏற்க மனம் வரவில்லை. ‘தரகு’ என்றதும் கைமாறும் பணம்தான் நினைவுக்கு வரும். இதுவோ சட்டம் அனுமதிக்கும் செயல். அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி இதற்கெனப் பதிவு செய்துகொள்கிறார்கள். செலவைக் கணக்குக் காட்டுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 முதல் பொதுப் பதிவேடு இருக்கிறது. சொல்லிலேயே குற்றம் சாட்டிவிட்டால், முறையாகப் பதிந்தவரையும் மறைத்தவரையும் எப்படிப் பிரித்து எழுதுவது?

‘பரப்புரை’ இன்னும் பெரிய குழப்பம். அது ஊரைக் கூட்டிச் சொல்வது. இது ஊர் காதில் விழாமல், முடிவெடுப்பவரிடம் மட்டும் சொல்வது. காலநிலைக் கொள்கையில் சிக்கல் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஒரு நிறுவனம் தன் ஆண்டறிக்கையில், புவி வெப்பமாவதைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் உடன்பாட்டை ஆதரிக்கும். அதே நிறுவனம் சந்தா கட்டும் தொழில் சங்கம், கரிம உமிழ்வுக்குக் கட்டணம் விதிக்கும் ‘கார்பன் விலை’க்கு எதிராக அமைச்சகத்தின் கதவைத் தட்டும். 1989இல் எண்ணெய், நிலக்கரி, கார் நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு ‘உலகக் காலநிலைக் கூட்டணி’ என்று பெயர் வைத்துக்கொண்டது. காலநிலையைக் காக்க வந்தது போன்ற பெயர்! கட்டாய உமிழ்வுக் குறைப்பை எதிர்ப்பதே அதன் வேலை. எண்ணெய் நிறுவனமான பி.பி. 1997இல் வெளியேறியது, 2002இல் அமைப்பே கலைந்தது. 2019இல் ஷெல் எண்ணெய் நிறுவனம், தான் சேர்ந்திருந்த 19 சங்கங்களின் காலநிலை நிலைப்பாட்டை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டு, அமெரிக்க எரிபொருள், பெட்ரோரசாயன உற்பத்தியாளர் சங்கத்திலிருந்து விலகியது. 2021இல் பிரெஞ்சு எண்ணெய் நிறுவனமான டோட்டல், ‘அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவகம்’ என்ற தொழில் சங்கத்தை விட்டு விலகியது. இவர்கள் சொன்ன காரணம் பரப்புரையில் வந்த முரண் மட்டும் அல்ல. அரசிடம் சங்கம் எடுத்துவைத்த நிலைப்பாடும்தான்.

ஆகவே நான் முன்வைப்பது ‘அரசணுகல்’. அரசு + அணுகல். வினை, அரசணுகு. ஆள், அரசணுகுநர். ‘அரசணுகல் பதிவேடு’, ‘அரசணுகல் செலவு’ என்று தடையில்லாமல் நீள்கிறது. சங்கத்தின் மூலம் செய்வதைச் ‘சங்கவழி அரசணுகல்’ என்று தனியே பிரிக்கலாம். எனக்கு இந்தப் பிரிவுதான் மிகவும் தேவைப்படுகிறது. சொல்லின் வேரும் பழையது. ஆள்வோரிடம் பழகுபவர் தீக்காய்வாரைப் போல ‘அகலாது அணுகாது’ இருக்க வேண்டும் என்கிறது குறள் (691). அதிகாரத்துக்கு அருகே செல்வதற்கு ‘அணுகு’ அங்கேயே வந்துவிட்டது.

> மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கும் பாட்டியும் அரசை அணுகுகிறாரே?

அக்கா, நீங்கள் எழுப்பிய இந்தக் கேள்விதான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. பாட்டி கேட்பது இருக்கிற விதிப்படி தனக்குச் சேர வேண்டிய முதியோர் உதவித்தொகை. அதற்கு மனு, முறையீடு என்று நல்ல சொற்கள் ஏற்கெனவே உள்ளன. அரசணுகுநர் கேட்பது விதியையே மாற்ற, தளர்த்த, தள்ளிப்போட. வரையறையில் ‘சட்டத்தையோ கொள்கையையோ தம் நலனுக்கேற்ப அமைக்கும் நோக்குடன்’ என்ற தொடரைச் சேர்த்துவிடலாம். சுற்றுச்சூழல் அமைப்புகள் அமைச்சரைச் சந்தித்து வாதாடுவதும் இதில் அடங்கும். அடங்கத்தான் வேண்டும்.

‘அரசு’ என்றால் சட்டமன்றம் விடுபடுமோ என்ற ஐயம் எனக்கும் இருக்கிறது. ‘அவையணுகல்’ என்றும் சொல்லிப் பார்த்தேன். அப்போது அமைச்சகம் விடுபடுகிறது.

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “எண்ணெய் நிறுவனமான செவ்ரான் தன் அரசணுகல் பாரிஸ் உடன்பாட்டின் இலக்குகளோடு ஒத்துப்போகிறதா என்று அறிக்கை தர வேண்டும் என்ற தீர்மானம், 2020 மே மாதப் பங்குதாரர் கூட்டத்தில் 53 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது.” படிக்கும்போது எந்த இடத்தில் இடறுகிறது என்று சொல்லுங்கள்.