பைக்கின் பிரேக் டிஸ்க் 3.9 மி.மீ. காட்டுகிறது, ஆனால் லீவர் துடிக்கிறது: மாற்றணுமா?

காரவள்ளிக்காரன்:
தினமும் காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறி, செம்மேட்டில் வேலை. காலையில் 70 கொண்டை ஊசி வளைவு ஏற்றம், சாயங்காலம் அதே 70 இறக்கம். வண்டி 150 சிசி, 48,000 கி.மீ. ஓடிவிட்டது. முன் பிரேக் டிஸ்க்கை மாற்றியதே இல்லை, அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேட் மட்டும் நாலு முறை. இரண்டு வாரமாகப் பிரேக்கை லேசாகப் பிடித்தால் லீவர் விரலுக்கடியில் துடிக்கிறது. டிஸ்க் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் வரப்பு மாதிரி தட்டுகிறது. வெர்னியர் அளவுகோலில் தடிமன் 3.9 மி.மீ. காட்டியது. டிஸ்க்கில் குறைந்தபட்சம் 3.5 என்று பொறித்திருக்கிறது. சர்வீஸ் செய்யும் இடத்தில் "இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்றார்கள். பின்னால் மனைவியை உட்கார வைத்து இறங்கும்போது மனசு ஒப்பவில்லை.

லேத் பட்டறை:
தம்பி, நீங்கள் அளந்தது அந்த வரப்பைத்தான். பேட் படாத ஓரம் தேயாமல் அப்படியே நிற்கும். வெர்னியரின் தாடை அதன் மேல் உட்கார்ந்துவிட்டால், உள்ளே எவ்வளவு தேய்ந்திருந்தாலும் புது டிஸ்க் அளவுதான் காட்டும். மைக்ரோமீட்டர் கிடைத்தால் நல்லது. இல்லையா, 3 மி.மீ. டிரில் பிட் இரண்டை எடுங்கள். வழவழப்பான தண்டுப் பக்கத்தை, பேட் தேய்க்கும் இடத்தில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று வைத்து, மூன்றையும் சேர்த்துப் பிடித்து அளந்து, 6-ஐக் கழியுங்கள். ஓட்டைகளைத் தவிர்த்து, சுற்றிலும் ஆறு இடத்திலாவது பாருங்கள். துளைகளுக்கு நடுவே மயிரிழை வெடிப்பு இருந்தால் அளவே பார்க்க வேண்டாம், கழற்றிவிடுங்கள்.

நாமக்கல் ரைடர்:
லேத்தில் ஒரு சீவு சீவிவிட்டால் துடிப்பு போய்விடாதா அண்ணா?

லேத் பட்டறை:
பட்டறை வைத்திருப்பவனே சொல்கிறேன், வேண்டாம். 4 மி.மீ. தகட்டில் சீவ எங்கே சதை இருக்கிறது? மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும். அந்தச் சூடு, பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பர் வழியாகப் பிரேக் ஆயிலுக்குப் போய், அது கொதித்துவிட்டால் லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிடும். கொல்லிமலை இறக்கத்தில் அது நடக்கவே கூடாது.

காரவள்ளிக்காரன்:
அளந்துவிட்டேன் அண்ணா. ஒரு இடத்தில் 9.46, எதிர்ப்பக்கம் 9.34. அதாவது 3.46-உம் 3.34-உம். எல்லா இடமும் 3.5-க்குக் கீழே! தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதுதான் துடிப்பின் காரணம் என்றும் புரிந்தது. இன்னொன்று, உள்பக்க பேட் வெளிப்பக்கத்தைவிடப் பாதிதான் இருக்கிறது.

லேத் பட்டறை:
அப்படியென்றால் காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருக்கும். அதைக் கழற்றித் துடைத்து, அதற்கென்று உள்ள கிரீஸ் போடுங்கள். இதை விட்டுவிட்டால் புது டிஸ்க்கும் இதே கதிதான். டிஸ்க்கோடு பேட்டும் புதிது போடுங்கள். டிஸ்க்கில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் சுழலும் திசையைப் பார்க்க வேண்டும். போல்ட்டுக்குத் திரெட்லாக் (தளராமல் பிடிக்கும் பசை) தடவி, குறுக்கும் மறுக்குமாக இறுக்குங்கள். புது டிஸ்க்கில் இருக்கும் எண்ணெயைப் பிரேக் கிளீனரால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். அப்புறம் சேந்தமங்கலம் ரோட்டில், கூட்டம் இல்லாத நேரத்தில், 50 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை பத்துப் பன்னிரண்டு முறை நிதானமாகப் பிடித்து விடுங்கள். பேட் படிந்த பிறகு மலை ஏறலாம். அதுவரை பஸ்ஸில் போய் வாருங்கள் தம்பி.