பூங்காக் கண்காணிப்பாளரா, பேணுநரா?

> காவல் கண்காணிப்பாளர் மாவட்டக் காவலுக்கே தலைவர். அப்படியிருக்க, அமெரிக்கத் தேசியப் பூங்காவின் தலைமைப் பதவியான 'சூப்பரின்டெண்டென்ட்'டுக்குத் தமிழில் 'கண்காணிப்பாளர்' என்று வைத்தால் என்ன குறை?

ஐயா, வணக்கம்.

காவல் கண்காணிப்பாளருக்குக் காவல் பணி ஒன்றுதான் பொறுப்பு. அமெரிக்கத் தேசியப் பூங்காவில் இந்தப் பதவியில் இருப்பவர் தலையில் ரேஞ்சர்கள் (பூங்காவைக் காப்பதும் வருகிறவர்களுக்கு விளக்குவதும் இவர்கள் வேலை), சாலை, காட்டுத்தீ, வரவு செலவு, வருகிறவர்களின் பாதுகாப்பு, எல்லையோர ஊர்களோடும் பழங்குடிகளோடும் பேச்சுவார்த்தை எல்லாமே விழும். நம் மாவட்ட ஆட்சியர் வேலைக்குத்தான் அது நெருக்கம்.

1903 கோடையில் கலிபோர்னியாவின் செக்கோயா பூங்காவுக்குப் பொறுப்பேற்று வந்தவர் கேப்டன் சார்லஸ் யங். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தேறிய மூன்றாவது கறுப்பினத்தவர். அப்போது பூங்காத் துறை என்றே ஒன்று கிடையாது, ராணுவம்தான் பார்த்துக்கொண்டது. ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த மலைச்சாலையை அவருடைய குதிரைப்படையினர் அந்த ஒரே கோடையில் ஜயன்ட் ஃபாரஸ்ட் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பெருமரங்கள் நிற்கும் இடத்துக்கே வண்டி போனது. அதோடு விடவில்லை. பூங்காவுக்குள் இருந்த தனியார் நிலங்களை அரசு விலைக்கு வாங்கிவிட வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். ஒரு மரத்துக்கு அவர் பெயரைச் சூட்ட முன்வந்தபோது, கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் பெயரை வையுங்கள் என்று சொல்லிவிட்டார். இத்தனையையும் 'கண்காணித்தார்' என்ற வினைக்குள் அடக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் 'பூங்கா ஆட்சியர்' போதாதா என்று கேட்கலாம். 1916இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையை உருவாக்கிய சட்டம் இயற்கைக் காட்சிகளையும் காட்டுயிர்களையும் வரலாற்றுச் சின்னங்களையும் மக்கள் கண்டு மகிழ வழிசெய்தது. கூடவே, வருங்காலத் தலைமுறைக்கு அவை சிதையாமல் போய்ச் சேர வேண்டும் என்றும் விதித்தது. பதவியில் இருப்பவர் இன்னும் பிறக்காதவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். அங்கே 'ஆட்சி' உறுத்துகிறது. 'காப்பாளர்' நல்ல சொல்தான், ஆனால் வன உயிரினக் காப்பாளர், விடுதிக் காப்பாளர் என்று வார்டனுக்கு அது போய்விட்டது.

என் பரிந்துரை: பூங்காப் பேணுநர்.

> பேணுநர் என்றால் தோட்டப் பராமரிப்பு ஆள் என்று படிக்க மாட்டார்களா? அதிகாரம் தொனிக்கவில்லையே.

அம்மா, நியாயமான ஐயம். 'பராமரிப்பாளர்' என்று வைத்தால் அந்தக் குழப்பம் நிச்சயம் வரும். பேணுதலில் காப்பதும் உண்டு, மதிப்பதும் உண்டு. சுற்றம் பேணுவது, நட்புப் பேணுவது என்கிறோமே. அதிகாரத்துக்கு ஆளுநர், இயக்குநர் இரண்டிலும் இதே விகுதிதான் நிற்கிறது.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். "ஹொரேஸ் ஆல்பிரைட் 1919இல், 29 வயதில், யெல்லோஸ்டோன் பூங்காப் பேணுநர் ஆனார்; பத்தாண்டு கழித்து, 1929இல், துறையின் இயக்குநர் ஆனார்." வாய்விட்டுப் படித்தேன், இடறவில்லை. யங் வகித்தது பொறுப்புப் பேணுநர் பதவி. துணைப் பேணுநர், பேணுநர் அலுவலகம் என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன.

எதிர்ப்பு இல்லையென்றால் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ரேஞ்சருக்கு 'வனச்சரகர்' என்று போட்டிருப்பதையும் மாற்றியாக வேண்டும். நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையடியில் நின்று வருகிறவர்களுக்கு வரலாறு சொல்பவரும் இதே துறையின் ரேஞ்சர்தான். அவருக்கு வனமும் இல்லை, சரகமும் இல்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.