மகள் இருக்கும் ஊரில் கரடி நடமாட்டம்: என்ன சொல்லி வைப்பது?

அஞ்செட்டி அம்மா:
வணக்கம். மூன்று ஏக்கரில் ராகி போடுகிற குடும்பம் எங்களுடையது. மூத்த மகள் ஜப்பானில், அகிதா மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அறையிலிருந்து இருபது நிமிட நடை. காலை ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும், அப்போது இருட்டு. கரடி வந்திருக்கிறது என்று ஊர் ஒலிபெருக்கியில் சொல்கிறார்களாம். அறைக்குப் பின்னால் ஒரு பழமரம்; காக்கி என்று பெயர், பழம் தக்காளி போல இருக்கிறது. அதன் பட்டையில், இவள் தோள் உயரத்தில், ஐந்து நகக் கீறல்கள். படம் அனுப்பினாள். கீறலுக்குள் மரம் இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

யானை என்றால் எங்களுக்குத் தெரியும். கதிர் பிடித்தால் பரண், பட்டாசு, தகர டப்பா. கரடிக்கும் சத்தம் போதுமா?

ஓசூர்க்காரன்:
அம்மா, ஆறு ஆண்டுகள் ஜப்பானில் செண்டாய் நகரத்தில் இருந்தேன். உங்கள் பயம் நியாயமானது. 2025 ஏப்ரல் தொடங்கி நவம்பருக்குள் ஜப்பானில் கரடி தாக்கி 13 பேர் இறந்தார்கள். அகிதாவில் கூண்டு வைக்க ராணுவத்தையே உதவிக்கு அழைத்தார்கள். அங்கே உள்ளது நெஞ்சில் பிறை போல வெள்ளைக் கோடு போட்ட கருங்கரடி. மலையில் புனா மரக் கொட்டை காய்க்காத ஆண்டில் ஊருக்குள் இறங்கும். ஊரிலோ இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். பழம் பறிக்க ஆளில்லை, வேட்டைக்காரர்களும் கிழவர்களாகிவிட்டார்கள். அந்தக் காக்கி மரம்தான் கரடியை அழைக்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லி முதலில் பழத்தைப் பறிக்கச் சொல்லுங்கள். பையில் மணி கட்டிக்கொண்டு நடக்கட்டும். முடிந்தால் பகல் முறை கேட்கட்டும்.

பென்னாகரம்:
அக்கா, சத்தம் முன்கூட்டியே வேண்டும். கரடி எதிரில் வந்த பிறகு கத்தக் கூடாது. எங்கள் காட்டுக் கரடி புற்றில் கறையான் உறிஞ்சும்போது ஆள் வருவதே அதற்குக் கேட்காது. என் அப்பா அப்படித்தான் பக்கத்தில் போய்விட்டார். இடது கன்னத்தில் தையல் போட்ட தழும்பு இன்றும் இருக்கிறது. கரடி முகத்தைத்தான் குறிவைக்கும். மகளிடம் சொல்லுங்கள்: முதுகைக் காட்டி ஓடக் கூடாது, பார்த்தபடியே மெல்லப் பின்வாங்க வேண்டும். பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, இரு கைகளாலும் பிடரியை மூடிக்கொள்ள வேண்டும்.

ஓசூர்க்காரன்:
ஜப்பானிலும் இதையேதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அஞ்செட்டி அம்மா:
இருவருக்கும் நன்றி. நேற்று முழுக்க இதையே மகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். மணி வாங்கிவிட்டாள். காலையில் உடன் வேலை செய்யும் பெண் காரில் ஏற்றிக்கொள்கிறாளாம். வீட்டுக்காரப் பாட்டிக்கு எண்பது வயது, ஏணி ஏற முடியாமல்தான் பழத்தை விட்டுவைத்திருந்தார். இருவருமாக நான்கு கூடை பறித்தார்கள். துவர்ப்புப் பழம், தோலைச் சீவிக் கயிற்றில் கட்டி வெயிலில் காய வைக்கிறார்கள், நாம் மாவற்றல் போடுவது போல. உச்சியில் இன்னும் பத்துப் பழம் எட்டவில்லையாம். மூங்கில் கழி நுனியில் அரிவாளைக் கட்டித் துறட்டி செய்வது எப்படி என்று வீடியோ அழைப்பில் அவள் அப்பா காட்டிக்கொண்டிருக்கிறார்.